முதியோர்க்கும் வேண்டும் ஆடுகளம்

முதுமை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி எது? ஒரு கூடம், அதில் ஒரு சாய்வு நாற்காலி, அதில் ஒரு பெரியவர். மடியில் செய்தித்தாள், பக்கத்தில் மருந்துப் பெட்டி, எதிரே ஓடிக்கொண்டே இருக்கும் தொலைக்காட்சி. விளையாட்டு என்றவுடன் தோன்றும் காட்சியோ முற்றிலும் வேறு. வியர்வை, ஆரவாரம், இளமை! இவ்விரண்டு காட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நம் மனம் மறுக்கிறது. எழுபது வயதுப் பெரியவர் பந்தை உதைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. எழுபது வயது மூதாட்டி ஓடினால், "ஐயோ, என்ன ஆயிற்று?" என்று பதறுகிறோம். அந்தச் சிரிப்பும் தவறு. அந்தப் பதற்றமும் தவறு. இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் சொந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் தாத்தா கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். இளமையில் சடுகுடு ஆடியவர். அவரைப் பிடிக்க நால்வர் வேண்டும் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். பிறகு ஐம்பது ஆண்டுகள் மாந்தோப்பில் உழைத்தவர். பாட்டி மறைந்தபின் சித்தப்பா அவரைப் பெங்களூருக்கு அழைத்து வந்தார். நான்காம் மாடியில் வீடு. விடியுமுன் எழுந்து தோப்பைச் சுற்றி வந்தவர், இங்கே பால்கனியில் அமர்ந்து தெருவில் போகும் வண்டிகளை எண்ணத் தொடங்கினார். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, கன்னடமும் வராது. "நடங்க தாத்தா, நடந்தால்தான் உடம்புக்கு நல்லது" என்று ஞாயிறுதோறும் போய் அறிவுரை வழங்கினேன். விஞ்ஞானம் படிக்கிறவன் அல்லவா! அவரும் என் சொல்லுக்காகப் பத்து நாள் நடந்தார், பிறகு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "எனக்காக அங்க யாரு சாமி காத்துக்கிட்டிருக்காங்க?" என்றார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. ஓராண்டு கழிந்தது. ஒரு நாள் குளியலறையில் அவர் கால் வழுக்கிற்று, இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் இன்று கைத்தடியின்றி அவரால் நான்கடி வைக்க இயலாது. நால்வர் பிடித்தாலும் நில்லாதவரை ஓர் ஈரத்தரை வீழ்த்திவிட்டது! தரைதான் குற்றவாளி என்று வீட்டார் சொல்கிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஓராண்டுக் காலம் உட்கார்ந்து உட்கார்ந்தே அவர் தொடைத் தசைகள் இளைத்துப்போயின. வழுக்கிய காலைத் தாங்கிப் பிடிக்கும் வலுவை அந்த ஓராண்டு அவரிடமிருந்து பறித்துவிட்டது. அறிவுரை சொன்ன நானோ, துணைக்கு ஒரு நாளும் நடக்கவில்லை.

நிற்க. அண்மையில் அல்சூர்ப் பக்கம் ஒரு சிறு பூங்காவில் வேறொரு காட்சியைக் கண்டேன். காலை ஆறரை மணி. ஆணும் பெண்ணுமாக இருபது முதியவர்கள் வட்டமாக நின்று கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 1995ஆம் ஆண்டு பம்பாயில் மதன் கட்டாரியா என்னும் மருத்துவர் ஒரு பூங்காவில் ஐந்து பேரைக் கொண்டு தொடங்கிய சிரிப்பு மன்றத்தின் வழிவந்த பழக்கம் இது. சிரிப்பு முடிந்ததும் கை வீசினார்கள். ஒற்றைக் காலில் நின்றார்கள். பிறகு நால்வர் வளையப்பந்து ஆடத் தொடங்கினார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரிடம், "ஐயா, தினமும் வருவீர்களா?" என்று கேட்டேன். "வராம இருக்க முடியுமா, தம்பி? ஒரு நாள் வரலைன்னா ஏழு மணிக்கெல்லாம் போன் பண்ணிடுவாங்க" என்றார். என் தாத்தாவின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. அவருக்குக் குறைவாக இருந்தது நடைபாதை அன்று. லால்பாக் போன்ற பழம்பெரும் தோட்டமும் கப்பன் பூங்காவும் உள்ள நகரில் நடைபாதைக்கா பஞ்சம்? வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு கூட்டம் அவருக்கு இல்லை.

இதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று தோழர்கள் தள்ளிவிட வேண்டா. விஞ்ஞானமும் இதற்குச் சான்று கூறுகிறது. ஜப்பானில் ஐச்சி மாநிலத்து முதியோரை நான்காண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2012இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தனியாகப் பயிற்சி செய்தவர்களைவிட, விளையாட்டுக் குழுவில் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள் பிறர் உதவியை நாட வேண்டிய நிலைக்கு ஆளாவது குறைவாக இருந்தது. டென்மார்க்கில் கோப்பனேகன் நகர மக்கள் ஏறத்தாழ 8,500 பேரை இருபத்தைந்து ஆண்டு வரை கவனித்து 2018இல் மற்றொரு முடிவு வந்தது. உடலை அசைக்காதவர்களைவிட டென்னிஸ் ஆடுவோர் 9.7 ஆண்டும், இறகுப்பந்து ஆடுவோர் 6.2 ஆண்டும், கால்பந்து ஆடுவோர் 4.7 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தனர். தனியே மெல்லோட்டம் ஓடுவோர்க்குக் கிட்டியது 3.2 ஆண்டு, பயிற்சிக்கூடத்தில் கருவியோடு மல்லாடுவோர்க்குக் கிட்டியது ஒன்றரை ஆண்டே. டென்னிஸ் ஆடுவோர் செல்வராகவும் இருக்கக்கூடும். உடல்நலம் உள்ளவரே ஆட வந்திருக்கவும் கூடும். ஆகவே இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆயினும், எதிரே ஒருவர் நிற்கும் விளையாட்டெல்லாம் வரிசையின் முன்னே நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

வயது கடந்தபின் தசை வளருமா என்று சிலர் கேட்பார்கள். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது தொண்ணூறு! எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பதின்மரின் தொடை வலிமை சராசரி 174 விழுக்காடு உயர்ந்தது. தொண்ணூறு வயதிலும் தசை சொன்ன பேச்சைக் கேட்கிறது. நாம்தான் அதனிடம் ஒன்றும் சொல்வதில்லை. வீழ்ச்சியைப் பற்றியும் கேளுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த ஆய்வு, உடற்பயிற்சியால் முதியோர் விழும் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. அதிலும் பயன் தந்தவை சமநிலையைப் பழக்கும் பயிற்சிகள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறியும் இதுவே: அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்ட வேண்டும், மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சி வேண்டும். வெறும் நடை இவற்றுள் முதலாவதை மட்டுமே நிறைவு செய்யும். பந்தைப் பிடிக்கச் சாய்வதும், திரும்புவதும், குனிந்து நிமிர்வதும் உள்ள ஆட்டமோ மூன்றையும் ஒருங்கே தரவல்லது.

இனி, நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபதைக் கடந்தோர் 10 கோடியே 38 லட்சம். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல். கருநாடகத்தில் ஒன்பதுக்கு மேல். அதன்பின் இத்தொகை பெருகியிருக்குமே அன்றிக் குறைந்திராது. இவர்களுக்காக ஒன்றும் நடைபெறவில்லை என்று சொல்லமாட்டேன். 2021இல் என் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2023இல் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை வகுத்து "நடப்போம் நலம் பெறுவோம்" என்றார்கள். மத்திய அரசும் உடல்தகுதி இயக்கத்தின் கீழ் 65 வயதைக் கடந்தோர்க்கெனத் தனிப் பயிற்சி முறையை 2020இல் வெளியிட்டது. நல்லவையே. ஆனால் மருத்துவம், நடை, பயிற்சி முறை என்று வரும் இவ்வரிசையில் ஆட்டம் எங்கே? 2023இல் நடைபெற்ற முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் "பொதுமக்கள்" என்று ஒரு பிரிவு இருந்தது. அதற்கு வயது 15 முதல் 35 வரை. பொதுமக்கள் என்ற சொல்லே முப்பத்தைந்தோடு முடிந்துவிடுகிறதோ?

முப்பத்தைந்தில் வேறொரு கதவு திறக்கிறதே என்று விளையாட்டு அறிந்த நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். மூத்தோர் தடகளம் தொடங்குவது அந்த வயதில். 2025 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியே நடைபெற்றது. பஞ்சாபைச் சேர்ந்த மான் கவுர் அம்மையார் 93 வயதில் ஓடக் கற்றுக்கொண்டு, 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 101 வயதில் நூறு மீட்டரை 74 வினாடியில் ஓடி முடித்தார்! நம் கோவை நானம்மாள் முதிர்ந்த வயதிலும் யோகாசனம் கற்பித்து, 2018இல் பத்மஸ்ரீ பெற்று, 99 வயதில் மறைந்தார். இவர்களை வணங்குகிறேன். ஆனால் இவர்களைக் கண்டு நாம் கைதட்டுவதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. "இவர்கள் அதிசயப் பிறவிகள்" என்று சொல்லிவிட்டால், நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பவரை எழுப்ப வேண்டிய கடமை நமக்கு நீங்கிவிடுகிறது. மான் கவுரை ஓட அழைத்துச் சென்றவர் அவருடைய மகனே. அவர்கூடத் தனியாக எழுந்து ஓடவில்லை என்பதை மறவாதீர்கள்.

அதிசயம் வேண்டா, வழக்கம் வேண்டும். ஜப்பானியர் இதை நன்கு உணர்ந்தவர்கள். 1928இல் வானொலியில் பியானோ இசையோடு ஓர் உடற்பயிற்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். போருக்குப்பின் சில ஆண்டுகள் நின்று, 1951இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கிற்று. இன்றும் காலை ஆறரை மணிக்கு அந்த இசை ஒலிக்கிறது. பூங்காக்களில் முதியோர் கூடிக் கைகால்களை அசைக்கிறார்கள். அதே நாட்டில் 1947இல் சிறுவர்களுக்கென உருவாக்கிய 'கேட்பால்' என்னும் ஆட்டத்தை முதியோர் தமதாக்கிக்கொண்டார்கள். ஐவர் கொண்ட அணி. கையில் சிறு சுத்தியல் போன்ற மட்டை. பந்தைத் தட்டி வளைவுக்குள் செலுத்த வேண்டும். ஓட்டம் இல்லை, ஆனால் குனிவு உண்டு, குறி உண்டு, சூழ்ச்சி உண்டு, சண்டையும் உண்டு! இங்கிலாந்தில் செஸ்டர்பீல்டு நகரில் 2011இல் தொடங்கிய நடைக் கால்பந்தும் இத்தகையதே. அதில் ஓடினால் தவறு. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்.

நடைக் கால்பந்தைப் பற்றிப் படித்தபோது என் நினைவு அல்சூருக்கே சென்றது. அங்குள்ள கௌதமபுரத் தெருவில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பேலேயின் சிலையும் நிற்கிறது. உலகில் எத்தனைத் தெருக்களுக்கு இந்தப் பெருமை உண்டு? தமிழர் மிகுதியாக வாழும் கௌதமபுரமும் ஆஸ்டின் டவுனும் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்தில் ஊறியவை. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன், மைசூர் அணியின் ஆட்டக்காரர். அத்தெருக்களில் அன்று வெறுங்காலோடு பந்தை உதைத்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று பேரன்மாரின் ஆட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வாருங்கள் என்று அவர்களை அழைப்பார் இல்லை. அழைத்தால் வரமாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

இனி, இக்கருத்துக்கு எதிராக எழும் வினாக்களைப் பார்ப்போம். முதல் வினா: "விளையாடி விழுந்துவிட்டால்?" விழக்கூடும். ஆதலால் மருத்துவரைக் கண்டபின் தொடங்குவதும், மெல்லத் தொடங்குவதும், ஆட்டத்தின் விதியை உடலுக்கேற்ப மாற்றுவதும் இன்றியமையாதவை. ஆனால் நாற்காலியும் பாதுகாப்பான இடமன்று. என் தாத்தா ஆடுகளத்தில் விழவில்லை, குளியலறையில் விழுந்தார்.

இரண்டாம் வினா: "நம் வீட்டுப் பெண்கள் வருவார்களா?" சேலையைச் செருகிக்கொண்டு ஆண்கள் நடுவே பந்து பிடிக்க நம் பாட்டிமார் கூசுவது இயற்கை. அவர்களுக்குத் தனி நேரமும் தனிக் குழுவும் அமைத்தால் கூச்சம் தெளியும். நொண்டியும் பாண்டியும் ஆடியவர்கள்தாமே அவர்கள்? ஆடத் தெரியாதவர்கள் அல்லர். திருமணத்தோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லப்பட்டவர்கள்.

மூன்றாம் வினாதான் என்னை மிகவும் வாட்டியது. நம் விடுதியில் பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர் இருக்கிறார், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், அறுபதைக் கடந்தவர். இந்த எண்ணத்தை அவரிடம் ஆர்வத்தோடு சொன்னேன். "நாள் பூரா குனிஞ்சு நிமிர்றேனே கண்ணு, அது போதாதா?" என்று சிரித்தார். நான் நாணினேன். காலை நடையும் சிரிப்பு மன்றமும் ஓய்வூதியம் உள்ளவர்களின் இன்பங்கள்தாமோ என்று தோன்றியது. ஆனால் விஞ்ஞானம் ஈண்டு ஒரு நுட்பமான உண்மையைச் சொல்கிறது. கோப்பனேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த கட்டுரையின்படி, ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்க்கு இறப்பு குறைந்தது. வேலையிலே உடல் வருந்த உழைத்தவர்க்கோ கூடியது. உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. உழைப்பில் ஒரே தசை ஓயாது தேய்கிறது. களைத்தபோது நிறுத்தும் உரிமை இல்லை. விளையாட்டில் அந்த உரிமை உண்டு. எனவே அந்த அம்மாவுக்கு விளையாட்டு வேண்டாவென்பது முடிவன்று. அவருக்கு முதலில் வேண்டுவது ஓய்வு நேரம். சம்பளம் குறையாமல் வாரத்தில் இரண்டு மணி நேரம் அவருக்குக் கிடைக்க வழி செய்யாமல், ஆடுகளத்தைத் திறந்துவிட்டோம் என்று நாம் பெருமை பேசினால் அது பாசாங்கே ஆகும்.

இறுதி வினா நம்முடையது: "நம் மைதானத்தை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" தோழர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். காலை ஆறு முதல் எட்டு வரை நம் மைதானத்தில் ஓடுகிறவர்கள் யார்? காக்கைகளும் இரண்டு நாய்களுமே! நாம் அனைவரும் போர்வைக்குள் இருக்கிறோம். நமக்கு வேண்டாத அந்த நேரம்தான் முதியோர் விழித்திருக்கும் நேரம். இதைவிடப் பொருத்தமான பங்கீடு உண்டா?

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் இசைவு பெற்று, வாரத்தில் மூன்று காலை, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மைதானத்தின் ஒரு மூலையைக் கேட்போம். வளாகத்துப் பணியாளர்களின் பெற்றோர், ஓய்வுபெற்ற ஊழியர், பக்கத்துத் தெரு முதியோர் என இருபது பேரை அழைப்போம். தமிழர், கன்னடர் என்ற வேற்றுமை வேண்டா; பந்துக்கு மொழி இல்லை. மொழி தெரியாமல் நான்காம் மாடியில் ஊமையாகிப்போன நம்மவர்க்கு அதுவே பெரிய விடுதலை. வளையப்பந்து, இறகுப்பந்து, நடைக் கால்பந்து ஆகிய மூன்றும் போதும்; செலவு மிகுதியில்லை. ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு மாணவர் துணை. அவர் வராத நாளில், "ஐயா, ஏன் வரவில்லை?" என்று கேட்பது அம்மாணவரின் கடமை. இத்திட்டத்தின் உயிர் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பயன் கிட்டுகிறதா என்று அளந்து பார்க்கவும் வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது வினாடியில் எத்தனை முறை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணினால் போதும். கால் வலிமையை அளக்க மருத்துவர்கள் கையாளும் முறை அது. முதல் நாள் எண்ணி எழுதுவோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுவோம். எண்ணிக்கை உயரவில்லையேல் திட்டத்தைத் திருத்துவோம். உயர்ந்தால் அவ்வெண்ணை இவ்விதழிலேயே வெளியிடுவோம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, பெரியோரை மேடையேற்றி மாலை சூட்டுகிறது. மாலை சூடியவர் வீடு திரும்பி அதே சாய்வு நாற்காலியில் அமர்கிறார். மாலையைவிட அவருக்கு வேண்டியது ஒரு பந்தும், அதைத் திருப்பி எறிய எதிரே ஒருவரும்.

சென்ற ஞாயிறன்று தாத்தாவைக் காணச் சென்றபோது பையில் ஒரு ரப்பர் வளையம் கொண்டுபோனேன். அவர் கட்டிலில் அமர்ந்திருந்தார். நான் எதிரே நாற்காலியில் அமர்ந்தேன். எறிந்தேன், தவறவிட்டார். மீண்டும் எறிந்தேன், பிடித்துவிட்டார். பதினேழு முறை பிடித்தார், நான் எண்ணினேன். புறப்படும்போது, "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவே, சாமி?" என்று கேட்டார்.

இப்போது காத்திருப்பவர் அவர். நான் பிந்தக் கூடாது. என் தாத்தாவுக்கு நான் ஓராண்டு பிந்திவிட்டேன். இவ்வூரில் இன்னும் விழாத தாத்தாக்களும் பாட்டிகளும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வகையிலேனும் நாம் பிந்தாதிருப்போம். வாருங்கள் தோழர்களே, நாளைக் காலை போர்வையை விலக்குவோம்!